நடுக்கொடியில் காய்ந்த உடுப்பு

வினோதா அந்தக் கறுப்பு உடுப்பை ஒரு தரம் உதறி, நடுக்கொடியில் போட்டு, இரண்டு தோள்பட்டையிலும் கிளிப் மாட்டினாள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் மூன்று கொடிகள் கட்டியிருந்தார்கள். சுவரோரக் கொடி சின்னத் துணிகளுக்கு. கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானோரக் கொடி சாக்குக்கும், கொழுந்துக்குப் போகும்போது பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்குக்கும். நடுக்கொடி எல்லாருக்கும் தெரிகிற கொடி. ரோட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும், மேல் லயத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். அதில் சேலைகளும் பிள்ளைகளின் வெள்ளை ஸ்கூல் உடுப்பும் காயும். பெண்கள் உள்ளே போடுகிற துணி மட்டும் எந்தக் கொடியிலும் வெறுமனே காய்ந்ததில்லை. அதை விரித்து, அதன்மேல் பழைய சேலையையோ துண்டையோ போட்டு மூடுவார்கள். அப்படிச் செய் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. எல்லாருக்கும் தெரியும்.

வினோதா மூடவில்லை.

பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வேலாயி குடத்தோடு நின்றாள்.

"என்னாடி இது? பாம்பு சட்டைய உரிச்சுப் போட்ட மாதிரி தொங்குது?"

"நீந்துற உடுப்புக்கா. இதையே போட்டுக்கிட்டுத்தான் சைக்கிளும் ஓட்டணும், ஓடவும் ஓடணும்."

"கை எங்க?"

"கை கெடையாது."

"காலு?"

"தொடை வரைக்கும்."

"அப்ப என்னா இருக்குன்னு சொல்லு. இல்லாததச் சொல்லப் போனா பொழுது விடிஞ்சிரும் போல."

வினோதா சிரித்துவிட்டாள். வேலாயியும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின் அவள் குரல் இறங்கியது.

"மேல ஒரு துண்டப் போட்டு மூடிரு புள்ள. ஆம்பளைக போற வர்ற எடம்."

"மூடுனா காயாதுக்கா."

"காயாட்டி என்னா? நாங்க எல்லாம் காஞ்சதையா உடுத்துறோம்?"

வேலாயி போய்விட்டாள். அந்தக் கேள்வி கொடிக்குப் பக்கத்திலேயே நின்றது. காயாததை உடுத்திக்கொண்டு விடியற்காலைப் பனியில் மலை ஏறுகிறவர்களின் உடம்பு என்ன சொல்லும் என்று வினோதா யோசித்தாள். எதையும் சொல்லாமல் இருக்கத்தான் அது பழகியிருந்தது.

அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்கு முன் கொழும்புப் பக்கத்துக் கார்மெண்ட்ஸ் ஒன்றில் சில வருடங்கள் இருந்தாள். வெளிநாட்டுப் பெண்கள் ஓடவும் நீந்தவும் சைக்கிள் மிதிக்கவும் போடுகிற இறுக்கமான உடுப்புகளை அங்கே தைத்தார்கள். அவள் கையில் வந்தது இடது கால் மட்டும். நாள் முழுக்க இடது கால்கள். யாருடைய கால் இது, எங்கே ஓடப்போகிறது என்று தையல் ஓடும்போது அவள் நினைத்துக்கொள்வாள். தன் காலுக்கு ஒன்று தைக்கலாம் என்ற எண்ணம் அங்கே இருந்தவரை ஒரு தரம்கூட வந்ததில்லை. ஊருக்குத் திரும்பி வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. ஏன் அங்கே வரவில்லை என்பதை அவள் பல தரம் யோசித்திருக்கிறாள்.

டேமுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பங்களா ஹோட்டல்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி வைக்கிறார்கள். முதலில் டேமில் நீந்த வேண்டும். ஏறியதும் சைக்கிள், டேமைச் சுற்றுகிற ரோட்டில். பிறகு தேயிலை மலைக்குள் ஓட்டம். நடுவில் நின்று உடுப்பு மாற்ற நேரம் கிடையாது. அதனால் மூன்றுக்கும் ஒரே உடுப்பு. இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்று நடப்பது இதுதான் முதல் தரம். வினோதா போனில் பேர் பதிந்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு நீந்தத் தெரியும். லொறி டியூபைக் கட்டிப் பிடித்துக்கொண்டு டேமுக்குள் போன சிறுமிகளில் அவளும் ஒருத்தி. பெரியபிள்ளை ஆனதும் மற்றவர்கள் கரையோடு நின்றார்கள். அவளும் நின்றாள். இப்போது ஆறு மாதமாக, விடிந்தும் விடியாத நேரத்தில், மறுபடி போகிறாள். முதல் நாள் சுடிதாரோடு போனாள். நடுத் தண்ணீரில் பேண்ட் காலைச் சுற்றிக்கொண்டது. மேல்சட்டை ஏறி முகத்தை மூடியது. மல்லாந்து மிதந்து எப்படியோ கரைக்கு வந்து, சேற்றில் கிடந்தபடி, துணி தன்னைக் கொல்லப் பார்த்தது என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் இந்த உடுப்பைத் தைக்க முடிவு செய்தாள். கறுப்புத் துணி எடுத்தாள். கறுப்பு என்றால் யார் கண்ணிலும் படாது. இத்தனை நாளும் அதைப் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஒளித்துக் காயவைத்தவள், இன்றுதான் கொடியில் போட்டாள்.

அன்று பின்னேரம் தோட்டத்துத் தலைவர் சோலைமலை காம்பராவுக்கு வந்தார். சங்கத்துக்கும் தலைவர், கோயில் கமிட்டிக்கும் தலைவர். கையில் ஒரு பார்சல். வினோதாவின் அம்மா நாகலெட்சுமி தேத்தண்ணி கொடுத்தாள். அவர் பார்சலைப் பிரித்தார். றோஸ் நிறச் சேலை.

"ஹோட்டல்ல ஆறு பேருக்குக் குடுத்திருக்காங்க. புதுப் பிரம்புக் கூடையும் வருது. நாகலெட்சுமி, நீ ரெண்டாவதா நிக்கிற. ஓடி முடிச்சு வர்றவங்களுக்குப் பூ குடுக்கணும். சிரிக்கணும். அவ்வளவுதான்."

"கூடையா?" என்றாள் அம்மா. "கூடை தூக்கி எத்தன காலமாச்சு. இப்ப சாக்குலதானுங்களே எடுக்கிறோம்?"

"போட்டோவுக்குச் சாக்கு நல்லா இருக்காது."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு வெளியே கொடியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

"வினோதா, நீயும் ஓடுறியாமே. நல்லது. நம்ம தோட்டத்துக்குப் பேரு. ஆனா அங்க தொங்குதே, அது வேணாம். சுடிதார்ல ஓடு. யாரு வேணாங்கிறா?"

"சுடிதார்ல நீந்தப் பாத்தேங்க மாமா. சாகப் பாத்தேன்."

"அப்ப நீந்தாத. ஓட்டம் மட்டும் ஓடு."

"மூணும் செஞ்சாத்தாங்க சேத்துக்குவாங்க."

"வெள்ளைக்காரப் பொம்பளைக போடுவாங்க. அது அவங்க பழக்கம்."

"அவங்க போடுறத தைச்சதே நானுங்களே மாமா. நான் தைக்கலாம், போடக் கூடாதா?"

"தைக்கிறது வேற, போடுறது வேற." அவர் எழுந்தார். "நீ அதப் போட்டுக்கிட்டு வந்து நின்னா ஒங்கம்மா அந்த வரிசையில நிக்க முடியாது. கோயில்ல கேள்வி வரும். பாத்துக்க."

"நிக்க வேணாம்னா அவங்க நிக்க மாட்டாங்க. நான் நீந்துவேன்."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா காலிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் போனபிறகு அம்மாவும் மகளும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் காம்பராவில் அது புதிதல்ல. அப்பா இறந்ததிலிருந்து இருவரும் நீளமான மௌனங்களில் ஒன்றாக உட்காரப் பழகியிருந்தார்கள். சில மௌனங்களில் சம்மதம் இருக்கும், சிலவற்றில் கோபம். இதில் என்ன இருக்கிறது என்று வினோதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ஓடுகிற சப்பாத்தை எடுத்துவைத்து, கயிற்றைக் கழற்றிவிட்டு, பாவாடைக்குப் போடுகிற இலாஸ்டிக்கை ஓட்டைகளில் கோத்தாள். ஈரக் கையால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. காலை நுழைத்தால் அது தானாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு, அட்டை ஏறாமலிருக்க அம்மா பாதத்தில் தேய்த்துக்கொள்கிற சவர்க்காரக் கட்டியை எடுத்து, சப்பாத்தின் உள்பக்கம், குதிகால் உரசுகிற இடத்தில் தேய்த்தாள். அம்மா அதைப் பார்த்தாள்.  வினோதா இன்னொரு இலாஸ்டிக் துண்டை இடுப்பளவுக்கு வெட்டி, போட்டி நம்பரைத் தொங்கவிட இரண்டு ஊசிகளை மாட்டினாள். நம்பரை உடுப்பில் குத்தினால் துணி கிழியும்.

மாமி மகன் சுதாகரன் கொழும்பிலிருந்து மரக்கறி லொறியில் ஏற்றி அனுப்பிய பழைய சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. அந்தத் தோட்டத்திலேயே சைக்கிள் அது ஒன்றுதான். ஏறும்போது மூச்சு நிற்காது, இறங்கும்போது பிரேக் நிற்காது என்று யாரும் அங்கே சைக்கிள் வாங்குவதில்லை. பிரேக் கட்டை புதிது. அதை மட்டும் அவள் தினமும் அழுத்திப் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை காலையிலும் டேமுக்குப் போனாள். திரும்பி வந்து உடுப்பை அலசி, அதே நடுக்கொடியில், மூடாமல் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

பின்னேரம் வரும்போது கொடி வெறுமையாக இருந்தது.

மழை இல்லை. கானோரக் கொடியில் படங்குகள் அப்படியே கிடந்தன. காம்பராவுக்குள் நுழைந்ததும் பிளாஸ்டிக் பொசுங்கின மணம். அடுப்பில் குளிக்கத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே, விறகும் கம்பளியும் காய்கிற மூங்கிலில், ஒரு சிவப்புத் துண்டு விரித்துக் கிடந்தது. வினோதா துண்டைத் தூக்கினாள்.

உடுப்பின் இடது கால் சுருங்கி, முஷ்டி அளவுக்கு இறுகிப் போயிருந்தது. தொட்டால் ஓடு மாதிரி இருந்தது. மற்ற இடமெல்லாம் புகை மணம். ஆனால் முழுசாக இருந்தது.

அம்மா கதவுப் பக்கம் நின்றாள்.

"மழை வர்ற மாதிரி இருந்துச்சு."

"வரலயேம்மா."

"வரல."

வினோதா உடுப்பை மடியில் போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கிப் போட்டது. யாரும் அதை இறக்கவில்லை. கடைசியில் அம்மாதான் இறக்கினாள். இறக்கி வைத்துவிட்டு, கரித்துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"வேலாயி புருசன் ரெண்டு தரம் நின்னு பாத்தான். மூணாந்தரம் வருவான்னு எடுத்துட்டேன். வேணும்னு செய்யல. அடுப்பு மேல போட்டா சுருக்கா காஞ்சிரும்னுதான் போட்டேன். நம்ம உடுப்பெல்லாம் அங்கதானே காயுது?"

"துண்டு எதுக்கும்மா போட்டீங்க? வீட்டுக்குள்ளதானே?"

அம்மா துண்டைப் பார்த்தாள்.  தன் கையே அவளுக்குத் தெரியாமல் அதைச் செய்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. துண்டு இல்லாமல் கிடந்திருந்தால் துணி சுருங்கத் தொடங்கியதுமே கண்ணில் பட்டிருக்கும். மூடிக் கிடந்ததால் கடைசிவரை தெரியவில்லை.

வினோதாவுக்கு அழுகை வரவில்லை. அம்மாவைத் திட்டவும் வரவில்லை. யாராவது ஒருத்தர் கெட்டவராக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"நாளைக்கு வெள்ளன டவுனுக்குப் போறேன்," என்றாள்.

ஹட்டனில் சுபைதாவின் தையல் கடை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. கார்மெண்ட்ஸில் வினோதாவுக்கு அடுத்த மெஷினில் இருந்தவள். கல்யாணமானபின் சொந்தமாகக் கடை போட்டு, ஒரு பழைய ஓவர்லொக் மெஷினும் வாங்கினாள். கறுப்பு உடுப்பை வினோதா தைத்தது அதில்தான். சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே வினோதா வாசலில் நின்றாள். சுபைதா பொசுங்கின காலை விரலால் தட்டிப் பார்த்தாள். 'இருக்கு' என்பது அவள் வாயில் 'ஈக்கி' என்றுதான் வரும்.

"யா அல்லாஹ். கருவாடு மாதிரி ஈக்கி. கறுப்பு முடிஞ்சி புள்ள. இழுபடுற துணின்னா இதுதான் மிச்சம்."

ஸ்கூல் கலைவிழாவுக்கு நடன உடுப்புத் தைத்து மிஞ்சிய துணி. செம்மஞ்சள். கடை முழுக்க வெளிச்சம் போட்டது மாதிரி இருந்தது.

"இது அடுத்த மலையிலருந்தே தெரியுமே."

"நல்லந்தானே? டேம்ல முங்கினா தேட லேசு."

"சும்மா இருடி."

சுபைதா சிரித்துக்கொண்டே கறுப்பு அபாயாவின் கையை மடித்து விட்டுக்கொண்டாள். "நான் தலையிலருந்து கால் வரைக்கும் மூடிக்கொண்டு திரியிறன். எனக்கு விருப்பம். யாராச்சும் கழட்டுன்னு சொன்னா கத்திரிக்கோலால குத்துவன். ஒனக்கு இது விருப்பம். மூடுன்னு சொல்றவங்களுக்கு நீ என்ன செய்யப் போறாய்? அழப் போறியா?"

"இல்ல."

"அப்ப உக்காரு."

வினோதா உட்கார்ந்து பொசுங்கின காலை வெட்டி எடுத்தாள். கத்திரிக்கோல் அந்த இடத்தில் கறகறவென்றது. செம்மஞ்சள் துணியில் இடது கால் வெட்டினாள். அந்த வளைவு அவள் கைக்கு மனப்பாடம். எத்தனையோ பெண்களுக்காக அதைத் தைத்தவள். இப்போது கால் யாருடையது என்று தெரியும்.

தைத்து முடித்ததும் சுபைதா உடுப்பைத் தூக்கிப் பிடித்தாள். உடம்பு கறுப்பு, வலது கால் கறுப்பு, இடது கால் செம்மஞ்சள்.

"துணி இன்னும் ஈக்கி. மத்தக் காலையும் மாத்திட்டா ஜோடியாப் போயிரும்."

வினோதா வெகுநேரம் அதைப் பார்த்தாள். யார் கண்ணிலும் படாமல் இருக்கத்தான் கறுப்பு எடுத்தாள். நீந்தப் போகும்போதும் ஒரு துண்டுக்குக் கீழேயே போகத்தான் பார்த்தாளா? அம்மாவின் கை மட்டும்தான் அப்படிப் பழகியது என்று ஏன் நினைத்தாள்?

"வேணாம். பொசுங்கின எடம் தெரியட்டும்."

சனிக்கிழமை பின்னேரம் சாக்பீஸ் தடமும் மெஷின் எண்ணெயும் போக உடுப்பை அலசினாள். பாதி நாள் வேலை முடிந்து எல்லாரும் லயத்தில் இருந்த நேரம். நடுக்கொடிக்குப் போய்க் கிளிப் மாட்டினாள். காற்றில் செம்மஞ்சள் கால் தனியாக உதைத்தது. பிள்ளைகள் ஓடிவந்து பார்த்துச் சிரித்தார்கள். மேல் லயத்தில் யாரோ விசிலடித்தார்கள். வினோதா கொடிக்குக் கீழேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். காயும்வரை அங்கேயே நிற்பது என்று முடிவு செய்திருந்தாள்.

அம்மா வெளியே வந்தாள். கையில் ஈரத் துணிகள், மேலே அந்தச் சிவப்புத் துண்டு.

"அம்மா, வேணாம். மூடாதீங்க."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். கீழே இருந்த துணியை உதறினாள். தான் உள்ளே போடுகிற பாடி. நைந்து, வெள்ளை மங்கி, பட்டி இழுபட்டது. அதை நடுக்கொடியில், மகளின் உடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். இன்னொன்றையும் போட்டாள். உள்பாவாடையையும் போட்டாள். மேலே ஒன்றும் போடவில்லை.

விசில் நின்றுவிட்டது.

வேலாயி தன் காம்பரா வாசலில் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அடியே நாகலெட்சுமி! மகளுக்குத்தான் பைத்தியம்னா ஒனக்குமா?"

"முப்பது வருசமா ஈரத்தையே உடுத்திக்கிட்டு மலைக்குப் போறேன்டி," என்றாள் அம்மா. லயம் முழுக்கக் கேட்கிற குரல். "நாளைக்கு ஒரு நாளாச்சும் காஞ்சத உடுத்துறேன்."

"அந்த றோஸ் சேலைக்கு உள்ளயா?"

"சேலைய மடிச்சு வச்சிட்டேன். தலைவரு வந்தா குடுத்துரு. கூடையும் வேணாம்."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் சோலைமலை ரோட்டு வளைவில் வந்தார். கொடியைப் பார்த்தார். பார்த்த கண்ணை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. குனிந்து, கீழே விழாத எதையோ தேடுகிறவர் மாதிரி நின்றார்.

"வாங்க தலைவரே," என்று கூப்பிட்டாள் அம்மா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

"இல்ல… கோயில்ல வேலை கெடக்கு," என்று சொல்லிவிட்டு அவர் வந்த வழியே திரும்பி நடந்தார்.

வேலாயிதான் முதலில் சிரித்தாள். வினோதா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  அம்மா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் கொடிக்குக் கீழே கிடந்த கல்லில் உட்கார்ந்தார்கள். துணி காயும்வரை ஒன்றும் பேசவில்லை. இந்த மௌனத்தில் என்ன இருக்கிறது என்று வினோதா தேடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை டேமில் பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தது. கரையில் விலை கூடிய சைக்கிள்கள் வரிசையாக நின்றன. கொழும்பிலிருந்து வந்த ஆண்களும் பெண்களும் கையைக் காலை உதறிக்கொண்டு நின்றார்கள். வினோதா தன் சைக்கிளைச் சாய்த்து, அதன் கீழே சவர்க்காரம் தேய்த்த சப்பாத்தை வாய் திறந்தபடி வைத்தாள். நம்பர் தொங்குகிற இலாஸ்டிக்கை அதன்மேல் வைத்தாள். மேலே போட்டிருந்த நீளச் சட்டையைக் கழற்றினாள்.

போட்டி நடத்துகிறவர்களில் கையில் பட்டி கட்டிய ஓர் ஆள் ஓடிவந்து, பூக் கொடுக்கிற பெண்கள் நிற்பது அந்தப் பக்கம் என்று சிங்களத்தில் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொன்னானே தவிர உடுப்பைப் பார்த்திருக்கவில்லை. வினோதா மையால் நம்பர் எழுதிய கையைத் தூக்கிக் காட்டினாள். தூக்கிய கையை, அவன் நகரும்வரை இறக்கவில்லை. அவன் வழி விட்டான்.

முடிகிற இடத்தில், தூரத்தில், ஐந்து றோஸ் சேலைகள் தெரிந்தன.

அம்மா இந்தப் பக்கம் நின்றாள். மலைக்குப் போகிற அதே பழைய சேலை, கையில் அந்தச் சிவப்புத் துண்டு. தோட்டத்திலிருந்து வந்த சிலர் பக்கத்தில் நின்று வினோதாவின் தொடையைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மக எங்க, நாகலெட்சுமி?" என்று ஒருவர் வேண்டுமென்றே கேட்டார்.

"இந்தா நிக்கிறா," என்றாள் அம்மா. "கண்ணு தெரியலயா? செவந்த காலு."

வினோதா தண்ணீருக்குள் இறங்கினாள். குளிர் கணுக்காலைக் கடித்தது, முழங்காலுக்கு ஏறியது. செம்மஞ்சள் கால் தண்ணீருக்கு உள்ளே இருந்தும் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் முன்னுக்கு நெருக்கினார்கள். அவள் தன் இடத்தை விடவில்லை.

"துண்டு என்கிட்ட இருக்கு!" அம்மாவின் குரல் பின்னாலிருந்து வந்தது. "முடிச்சிட்டு வந்தாத்தான் தருவேன்!"

ஊதல் சத்தம் கேட்டது. வினோதா குனிந்து, கையை நீட்டி, தண்ணீரைப் பிடித்து இழுத்தாள். காலைச் சுற்ற எந்தத் துணியும் இல்லை.